ஏழு ராத்தல் சோப்புக்கு ஒரு தேசம்

கார்டிஃபிலிருந்து வடக்கே பாங்கர் நகருக்கு ரயிலில் போக நினைப்பவர் நடுவழியில் நாட்டை விட்டே வெளியேற வேண்டியிருக்கும். வண்டி ஹெரிஃபோர்டு, ஷ்ரூஸ்பரி என்று இங்கிலாந்தின் ஊர்களைத் தொட்டுவிட்டுத்தான் மறுபடி வேல்ஸுக்குள் நுழையும். தெற்கின் நிலக்கரியும் வடக்கின் சிலேட் கல்லும் துறைமுகம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகப் போட்ட தண்டவாளங்கள். தெற்கத்திக்காரரும் வடக்கத்திக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கவலை அன்றைக்கு யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. கார்மார்தனையும் அபெரிஸ்ட்வித்தையும் நாட்டுக்குள்ளேயே இணைத்துக்கொண்டிருந்த பாதையையும் 1960களின் நடுவில் மூடிவிட்டார்கள். வேல்ஸுக்குள் இருந்தபடியே வடக்கே போக வேண்டுமானால் கொஞ்சம் ரயில், நிறையப் பேருந்து. நான் அப்படித்தான் போனேன்.

போனது ஓவியங்களையும் சிற்பங்களையும் பார்க்க. வேல்ஸ் என்றதும் வெளியாருக்கு மனதில் வரும் படங்கள் கைவிரல்களுக்குள் அடங்கும்: சிவப்பு டிராகன் போட்ட கொடி, ரக்பி, கரி படிந்த முகத்தோடு சுரங்கத் தொழிலாளி, மேகம் கவிந்த மலை, குழாய் போல உயர்ந்த கறுப்புத் தொப்பி அணிந்த பாட்டி. இவற்றில் பாதிக்கு மேல் வெளியூர்க்காரர்கள் வரைந்தவை, விற்றவை. 31 லட்சம் பேர் வாழும் நாடு. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வெல்ஷ் மொழி பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் 5,38,000 பேர், அதாவது 17.8 சதவீதம். இப்படிப்பட்ட ஒரு சிறு நாட்டில் இன்றைய கலைஞர் உட்கார்ந்து எதை வரைவார்? மலையையும் பாட்டியையும் மறுபடி வரைந்தால் அஞ்சலட்டை வியாபாரம். அவற்றைத் தொடாமலே விட்டால், வேறு எதைத் தொடுவது? நான் பார்த்தவரை, இவர்களில் நல்லவர்கள் அந்தப் பழைய படங்களையே கையில் எடுத்து வெட்டுகிறார்கள், எரிக்கிறார்கள், திருப்பித் தைக்கிறார்கள்.

கார்டிஃபின் தேசிய அருங்காட்சியகத்தில் முதலில் நான் விசாரித்தது, கழற்றப்பட்ட ஒரு படத்தைப் பற்றி. வேல்ஸின் முகங்கள் என்ற கூடத்தில் தாமஸ் பிக்டனின் உருவப்படம் நெடுங்காலம் தொங்கியது. வாட்டர்லூ போரில் 1815இல் இறந்த தளபதி, பெம்புரோக்‌ஷர்க்காரர், அதனால் வெல்ஷ் வீரர். டிரினிடாட் தீவின் ஆளுநராக இருந்தபோது லூயிசா கால்தெரோன் என்ற 14 வயதுப் பெண்ணைச் சித்திரவதை செய்ய அனுமதி அளித்தவரும், அடிமைகளை வைத்துப் பணம் சேர்த்தவரும் இவரேதான். லண்டனில் வழக்கு நடந்து 1806இல் குற்றவாளி என்று தீர்ப்பானது, பிறகு மறுவிசாரணையில் அது நிற்கவில்லை. 2021 நவம்பரில் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினார்கள். இறக்கிக் கிடங்கில் போட்டுவிட்டு அமைதியாக இருந்திருக்கலாம். அருங்காட்சியகம் டிரினிடாட்டைச் சேர்ந்த கெசியே என்ற கலைஞரையும் லாக்கு நெக் என்ற கலைக் குழுவையும் அழைத்துப் புதிய படைப்புகள் செய்யச் சொன்னது. கெசியே பச்சை குத்தும் கலைஞர். டிரினிடாட் மண்ணோடு உறவுள்ள பலருடைய உடல்களில் ஒரே சித்திரத்தைத் துண்டுதுண்டாகப் பச்சை குத்திப் படமாக்கினார். எல்லா உடல்களும் சேர்ந்தால்தான் சித்திரம் முழுமையாகும். லாக்கு நெக் குழு லூயிசாவைப் போன்றவர்களின் நினைவை அறைக்குள் கொண்டுவந்தது. வேல்ஸின் முகங்களில் லூயிசாவின் முகத்துக்கும் இடம் உண்டு என்று ஒரு தேசிய நிறுவனம் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம்தான். ஆனால் டிரினிடாட்காரர்கள் வந்து செய்துகொடுக்கும்வரை அது நடக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு கிளைக்கதை. வேல்ஸை இங்கிலாந்தின் முதல் காலனி என்று சொல்வது அங்கே பலருடைய வழக்கம். அது பாதிக் கதை. எல்லையோரம் வெல்ஷ்பூல் ஊரில் போவிஸ் கோட்டை இருக்கிறது. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னை ராஜதானியின் ஆளுநர். அவர் காலத்தில்தான் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு சுல்தானின் கூடாரமும், சிம்மாசனத்தில் இருந்த பொற்புலித் தலைகளில் ஒன்றும் போவிஸ் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தன. கூடாரத்தைத் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகக் கட்டினார்கள். ஆக, ஆளப்பட்ட கதையும் ஆண்ட கதையும் ஒரே மலைச்சரிவில் கிடக்கின்றன. இன்றைய வெல்ஷ் கலைஞர்களில் பலருக்கு முதல் கதையைச் சொல்லும்போது நாக்கு சரளமாக ஓடும், இரண்டாவதில்தான் தடுமாற்றம். அந்தத் தடுமாற்றத்திலிருந்து வந்த படைப்புகளே எனக்குப் பிடித்தவை.

அருங்காட்சியகத்திலிருந்து கடைத்தெரு வழியாக நடந்து ரயில் நிலையத்தை நெருங்கினால் பெட்டி கேம்பெல்லின் வெண்கலச் சிலை. ஈவ் ஷெப்பர்டு வடித்தது, 2021 செப்டம்பரில் திறக்கப்பட்டது. வேல்ஸின் பொதுவெளியில் உண்மையாக வாழ்ந்த ஒரு பெண்ணுக்குப் பெயர் சொல்லி வைத்த முதல் சிலை இதுதான் என்கிறார்கள். அந்தப் பெண் வேல்ஸின் முதல் கறுப்பினத் தலைமையாசிரியர். சிறுமியாக இருந்தபோது ஆசிரியராக வேண்டும் என்று சொன்னவரை, உன் போன்றவர்களுக்கு அது நடக்காது என்று பள்ளியிலேயே ஊக்கம் குலைத்தார்கள். சிலையில் அவருடைய தலையும் தோளும் ஒரு பெருமரம்போல எழும்புகின்றன. அடியில் பியூட்டவுன் தெருக்களும் பிள்ளைகளும். பீடத்தில் ஏறி நின்று கை நீட்டும் வழக்கமான சிலைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஆறுதல்.

பியூட்டவுன் அங்கிருந்து நடை தூரம். கரித் துறைமுகம் செழித்த காலத்தில் சோமாலியா, ஏமன், மேற்கு ஆப்பிரிக்கா, கரீபியன் தீவுகள் என்று பல திசைகளிலிருந்து வந்த மாலுமிகள் தங்கிவிட்ட பகுதி. 2021இல் அங்கே ஒரு சுவரில், கார்டிஃப் சிட்டி கால்பந்து அணியின் சட்டை போட்ட கறுப்பினப் பெண்ணின் பெரிய சித்திரம் வரையப்பட்டது. ஊரார் அவளுக்கு மோனலிசா என்று பெயர் வைத்துவிட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே அதன்மேல் ஒரு துரித உணவு நிறுவனத்தின் விளம்பரம் ஏறியது. எழுந்த கூச்சலில் சித்திரத்தைத் திரும்ப வரைய ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. டிராகனோ மலையோ தொப்பியோ இல்லாத படம் அது. இருந்தும், தன் ஊர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு இது என் ஊர் என்று அவள் நிற்பதற்கு மேல் அடையாளத்தைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

வெனிஸில் நடக்கும் சர்வதேசக் கலைக் கண்காட்சி, வேல்ஸ் தன்னை உலகுக்குக் காட்டிக்கொண்ட மேடை. 2003இல் முதன்முறை போனபோது லானெல்லியில் பிறந்த செரித் வின் எவன்ஸ் அங்கே ஒரு பெரிய தேடுவிளக்கை வைத்து, எல்லிஸ் வின் 1703இல் வெளியிட்ட வெல்ஷ் உரைநடை நூலை மோர்ஸ் குறியீட்டில் வானத்தை நோக்கிக் கண்சிமிட்ட வைத்தார். யாருக்குப் புரிந்தது என்று கேட்கக்கூடாது. புரியாமல் போவதுதான் அதில் விஷயம். 2019இல் போன ஷான் எட்வர்ட்ஸ், கார்டிஃபின் லானெடெய்ர்ன் நகராட்சிக் குடியிருப்பில் 1980களில் வளர்ந்தவர். அவருடைய தாய் கார்டிஃபில் தன் வீட்டில் இருந்தபடியே ஒவ்வொரு நாளும் தன் வாழ்க்கையை நேரலையில் வாசிக்க, அது வெனிஸில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்துக்குள் ஒலித்தது. கூடவே வெல்ஷ் மெத்தைத் தையல் விரிப்புகள். பணமில்லாத வீட்டில் பிள்ளையாக இருப்பது எப்படி என்பதுதான் அந்தக் கண்காட்சியின் பொருள். மொழியும் மலையும் இல்லாமல் வெல்ஷாக இருக்க முடியுமா என்று கேட்பவர்களுக்குக் கார்டிஃப் வாடகைக் குடியிருப்பிலிருந்து வந்த பதில் அது.

கார்மார்தனுக்கு ரயில். வழியில் போர்ட் டால்பட். 2018 டிசம்பரில் இந்த ஊரில் ஓர் உருக்காலைத் தொழிலாளியின் வண்டிக் கொட்டகைச் சுவரில் தெரு ஓவியர் பேங்க்ஸி ஒரு சித்திரம் வரைந்துவிட்டுப் போனார்: ஒரு பக்கம் வாயைத் திறந்து பனியை நாக்கில் ஏந்தும் குழந்தை, மூலை திரும்பினால் அந்தப் பனி எரியும் குப்பைத்தொட்டியின் சாம்பல். ஊரே வரிசையில் நின்று பார்த்தது. 2022இல் சித்திரம் சுவரோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டது. 2024இல் கடைசி ஊதுலையும் அணைந்தது. ஸ்வான்சியில் இறங்கி கிளின் விவியன் கலைக்கூடத்தில் ஜோசப் ஹெர்மனின் சுரங்கத் தொழிலாளர்களைப் பார்க்கலாம். போலந்திலிருந்து தப்பி வந்த யூதர், அஸ்ட்ராட்கின்லைஸ் ஊரில் 1944 தொடங்கிப் பதினோரு ஆண்டு தங்கியவர். சுரங்கத் தொழிலாளி என்றதும் வேல்ஸ்காரர் மனதில் எழும் அந்தக் கனத்த, செம்பழுப்பு உருவம் இவர் கொடுத்தது. அன்பான வெளியார் வரைந்த படமும் வெளியார் வரைந்த படம்தான்.

கார்மார்தனில் பேருந்து. எனக்கு முன்னிருக்கையில் இருந்த பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சண்டை போட்டு வெல்ஷில் சமாதானமானார்கள். கடலோரச் சாலையில் லான்ரிஸ்டிட் கிராமத்தைத் தாண்டியதும் வலப்பக்கம் இடிந்த வீட்டின் ஒற்றைச் சுவர். சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. 'கோவ்யுக் ட்ரவெரின்'. ட்ரவெரினை மறவாதீர் என்று பொருள். பேருந்து நிற்காது, எழுத்தைப் படிக்கக் கிடைப்பது நான்கைந்து நொடி. நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். நடைபாதை இல்லாத சாலையில் லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன, யாருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ட்ரவெரின் வடக்கே பாலா ஊருக்கருகில் உள்ள பள்ளத்தாக்கு. லிவர்பூல் நகருக்குத் தண்ணீர் வேண்டி அங்கே அணை கட்டும் சட்டம் 1957இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வேல்ஸின் 36 உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. 1965இல் காப்பெல் கெலின் என்ற, வெல்ஷ் மட்டுமே புழங்கிய கிராமம் பள்ளியும் அஞ்சலகமும் கிறித்தவத் தொழுகைக்கூடமும் வீடுகளுமாக நீருக்குள் போனது. லிவர்பூல் நகரசபை மன்னிப்புக் கேட்டது 2005இல். சுவரில் எழுதியவர் மைக் ஸ்டீவன்ஸ் என்ற இளைஞர், அணை கட்டிக்கொண்டிருந்த 1960களின் தொடக்கத்தில். அவர் ஓவியரே இல்லை. பின்னாளில் வெல்ஷ் இலக்கியத்தின் முக்கியமான பதிப்பாசிரியரானவர். வேல்ஸில் மிக அதிகம் நகலெடுக்கப்பட்ட ஓவியம் எது என்று கேட்டால் நான் இந்தச் சுவரைத்தான் சொல்வேன். 2019 பிப்ரவரியில் யாரோ அதன்மேல் எல்விஸ் என்று எழுதினார்கள். ஏப்ரலில் யாரோ சுவரின் ஒரு பகுதியை இடித்துத் தள்ளினார்கள். இளைஞர்கள் வந்து கல் எடுத்துக் கட்டி மறுபடி வண்ணம் அடித்தார்கள். அதோடு நிற்கவில்லை. நாடு முழுக்கக் கொட்டகைகளிலும் பாலங்களுக்கடியிலும் கடைச் சுவர்களிலும் அதே சிவப்பு, அதே வெள்ளை, அதே இரண்டு சொற்கள் முளைத்தன. இன்று அது தேநீர்க் கோப்பையிலும் பனியனிலும் கிடைக்கிறது. கோபம் கோப்பையில் ஏறிவிட்டால் ஆறிவிடும் என்பது என் சந்தேகம். அபெரிஸ்ட்வித் கடைக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்ல இப்போது வீட்டிலேயே சுவர் இருக்கிறதே என்றார்.

அதே கிராமத்தை டிம் டேவிஸ் வேறுவிதமாக அணுகினார். வறட்சியில் நீர்த்தேக்கம் வற்றியபோது கிடைத்த, துருவேறிய ஓர் ஆணி. அதிலிருந்து அச்செடுத்து ஆயிரக்கணக்கான மெழுகு ஆணிகளை வார்த்துத் தரையில் பரப்பினார். 1997இல் செய்த படைப்பு, பெயர் காப்பெல் கெலின். மெழுகு ஆணியால் எதையும் அடித்து நிறுத்த முடியாது. வீட்டைத் தாங்கிய இரும்பு, ஒன்றையும் தாங்காத பொருளாகிப் பெருகிக் கிடக்கிறது. சுவர் உரக்கக் கூப்பிடுகிறது, இவர் குரலைத் தாழ்த்துகிறார். இரண்டும் தேவைதான், ஆனால் கோப்பையில் அச்சடிக்க முடியாதது இரண்டாவது.

அபெரிஸ்ட்வித்தின் தேசிய நூலகம் குன்றின்மேல் கடலைப் பார்த்து இருக்கிறது. புத்தகங்களோடு கிஃபின் வில்லியம்ஸின் படங்களும் ஏராளம்; 2006இல் இறந்தவர் தன் சேகரிப்பை இந்த நூலகத்துக்கு விட்டுச் சென்றார். சாந்து பூசுவதுபோலத் தட்டைக் கத்தியால் எண்ணெய் வண்ணத்தை அப்பி, ஆங்கில்சியையும் ஸ்னோடோனியா மலைகளையும் கறுப்பு, பச்சை, சாம்பலில் எழுப்பியவர். வேல்ஸில் கொஞ்சம் வசதியான வீட்டு வரவேற்பறைக்கு அவருடைய ஒரு மூலப் படமாவது வேண்டும். இல்லாவிட்டால் அவரைப்போல வரைந்த வேறொருவருடையது. நல்ல ஓவியர், சந்தேகமில்லை. அவருக்குப் பின் மலை வரைய வந்தவர்களுக்கு அவர் வைத்துவிட்டுப் போன பாரம்தான் பெரிது. மேரி லாயிட் ஜோன்ஸ் அதிலிருந்து தப்பியவர். இங்கிருந்து சில மைல் தூரத்தில் டெவில்ஸ் பிரிட்ஜ் ஊரில் 1934இல் பிறந்த இவர், கேன்வாஸில் நிலத்தைப் பரப்பி அதன்மேல் ஓகம் போன்ற பழைய எழுத்துகளைக் கீறுகிறார். அவர் படத்தில் மலை நிற்பதில்லை, ஏடுபோலக் கிடக்கிறது.

நூலகத்திடம் 19ஆம் நூற்றாண்டின் வேடிக்கையான ஒரு வரைபடம் உண்டு: வட வேல்ஸின் நில எல்லையே முதுகில் மூட்டை சுமந்து குனிந்து நடக்கும் கிழவியாக வரையப்பட்டிருக்கும். வரைபடத்தை உடலாக்கும் இந்த விளையாட்டைச் சென்ற நூற்றாண்டின் கடைசியில் சிலர் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். பால் டேவிஸும் அவர் சகோதரர் பீட்டரும் பெக்கா என்ற குழுவை நடத்தினார்கள். 1839 முதல் 1843 வரை பெண் வேடமிட்டுச் சுங்கச்சாவடிகளை உடைத்த விவசாயிகளின் கலகத்திலிருந்து எடுத்த பெயர். பால் சேற்றிலும் கிடைத்த குப்பையிலும் வேல்ஸ் வரைபடங்கள் செய்தார். 1977இல் ரெக்ஸமில் நடந்த தேசிய ஐஸ்டெத்வோட் என்ற வெல்ஷ் கலை இலக்கிய விழாவில், இரண்டு எழுத்துகள் பொறித்த ஒரு ரயில் தண்டவாளக் கட்டையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். 19ஆம் நூற்றாண்டுப் பள்ளிகள் சிலவற்றில், வெல்ஷ் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் அதே இரண்டு எழுத்து செதுக்கிய சிறு பலகையை மாட்டுவார்கள். இன்னொரு பிள்ளை வெல்ஷ் பேசினால் பலகை அங்கே மாறும்; மாலையில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்கு அடி. பிள்ளையின் கழுத்தளவுப் பலகையை ஒரு முழு ஆள் தூக்கத் திணறும் கட்டையாக்கியதுதான் பால் செய்தது. விளக்கவுரை தேவைப்படவில்லை. பாலா அருகே பிறந்த இவான் பாலா இந்த வரிசையில் அடுத்தவர். வரைபடத்தைப் படகாக, தீவாக, மனித உருவமாகத் திரும்பத் திரும்ப வரைந்தவர். 1997இல் ஐஸ்டெத்வோட்டின் கலைத் தங்கப் பதக்கம் பெற்றார். தன் எல்லைக்கோட்டைத் தானே வரைந்து பார்க்கும் ஆசை, எல்லை கேள்விக்குள்ளாகும் நாட்டில்தான் இவ்வளவு வரும்.

அபெரிஸ்ட்வித் இருக்கும் மாவட்டத்தைப் பற்றி நான் அதிகம் யோசித்த படைப்பு கார்வின் எவன்ஸ் 2002இல் செய்தது. இங்கே 6,500 புதிய வீடுகள் கட்டலாம் என்று மாவட்ட சபை திட்டம் போட்டது. வெளியூர்க்காரர்கள் வாங்குவார்கள், உள்ளூர் இளைஞருக்கு விலை எட்டாது, கிராமத்தில் மொழி மாறும் என்று அச்சம். எவன்ஸ் அட்டையில் 6,500 பறவைக் கூடுகள் செய்து அடுக்கினார். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே துளை. நாளிதழில் படிக்கும்போது உறைக்காத எண், அட்டைக் கூடுகளாகக் கூரை வரை அடுக்கி நிற்கும்போது உறைக்கும். கூடவே ஒரு நெருடல்: பறவைகள் வலசை வருபவைதானே? அவற்றைக் குறை சொல்ல முடியுமா? இந்தக் கேள்வியை எவன்ஸ் நம் தலையில் போட்டுவிட்டு விலகிக்கொள்கிறார்.

மஹன்லெத்தில் பழைய தொழுகைக்கூடம் ஒன்று நவீனக் கலைக் காட்சியகமாகியிருக்கிறது. வேல்ஸ் முழுக்க இதே கதை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைய, கூடங்கள் வீடாகவோ மதுக்கடையாகவோ கலைக்கூடமாகவோ மாறுகின்றன. அங்கிருந்து கடலோர ரயில். பார்மத் அருகே மரப் பாலத்தில் வண்டி மெதுவாக ஊர்ந்து கழிமுகத்தைக் கடக்கையில் திரும்பிப் பார்த்தால் காடைர் இட்ரிஸ். 893 மீட்டர்தான், ஆனால் இதன் உச்சியில் இரவு தூங்கி எழுபவர் கவிஞராகவோ பைத்தியமாகவோ எழுவார் என்பது ஐதீகம். 18ஆம் நூற்றாண்டில் ரிச்சர்டு வில்சன் இதன் ஏரியை ஒழுங்குபடுத்தி, சுற்றிலும் அமைதி பூசி வரைந்தார். அதன் பிறகு இங்கிலாந்து ஓவியர்கள் கூட்டமாக வந்தார்கள். பெட்விர் வில்லியம்ஸ் 2016இல் அதே ஏரியைச் சுற்றிக் கணினியில் ஒரு மாநகரம் கட்டினார். வானுயர்ந்த கோபுரங்கள், கண்ணாடி மாளிகைகள், ஆயிரமாயிரம் ஜன்னல்கள். திரையில் கிட்டத்தட்ட எதுவும் அசைவதில்லை. பகல் மங்கி இரவாகிறது, ஜன்னல்களில் விளக்கு எரிகிறது, கலைஞரின் குரல் அந்த நகரவாசிகளின் அற்பமான, விசித்திரமான வாழ்க்கைகளைச் சொல்லிக்கொண்டே போகிறது. துபாயையோ ஷாங்காயையோ கொண்டுவந்து வெறும் மலைக்கு நடுவே இறக்கியதுபோல இருக்கும். முதலில் சிரிப்பு வரும். பிறகு, வேல்ஸ் இப்படி ஆகியிருந்தால் இந்தக் கோபுரங்களில் என்ன மொழி பேசுவார்கள் என்ற கேள்வி வரும். பெட்விர் தன் ஆட்களையும் விடுவதில்லை. வெல்ஷ் பேசும் நடுத்தர வர்க்கத்தின் பாவனைகளைக் கிண்டலடித்து அவர் போடும் கோட்டுச் சித்திரங்களில் அங்குள்ள பலர் தங்களையே அடையாளம் கண்டு நெளிகிறார்கள். அடிபட்ட சமூகம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் இடத்தில் தன்னைப் பார்த்தே சிரிக்கும் கலைஞர் அபூர்வம். நான் பார்த்தவர்களில் எனக்கு மிக நெருக்கமானவர் இவர்.

லான்பெடர் நிலையத்தில் இறங்கிப் பென்ட்ரே குவின்வ்ரின் வரை நடந்தால் சேலம் தொழுகைக்கூடம். நம்மூர்ப் பெயர் என்று துள்ள வேண்டாம், விவிலியச் சேலம். வெளியே பார்க்கச் சாதாரணம்; உள்ளே மரப்பலகை இருக்கைகள். 1908இல் கர்னோ வோஸ்பர் என்ற டெவன்காரர் இங்கே ஒரு நீர்வண்ணப் படம் வரைந்தார். ஷான் ஓவன் என்ற எழுபது வயது தாண்டிய பெண், உயர்ந்த கறுப்புத் தொப்பியும் பகட்டான சால்வையுமாக, பிரார்த்தனை தொடங்கும் நேரத்தில் தன் இடத்துக்கு நடக்கிறார். அந்தத் தொப்பியை அப்போதே யாரும் அன்றாடம் அணிவதில்லை. ஓவியரிடம் இருந்தது ஒரே தொப்பி. படத்தில் உள்ள பெண்களுக்கு மாற்றி மாற்றி வைத்து வரைந்தார். சால்வையும் இரவல். தொப்பியைத் தேசிய உடையாக ஆக்கப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் லேடி லானோவர் என்ற சீமாட்டி. 1834 ஐஸ்டெத்வோட்டில் அதற்காகவே கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினார். படத்தை 100 கினிக்கு வாங்கியவர் சோப்பு முதலாளி லீவர். ஏழு ராத்தல் சன்லைட் சோப்பு வாங்குபவருக்கு சேலம் படத்தின் அச்சுப்பிரதி கிடைத்தது. இப்படித்தான் வேல்ஸின் ஆயிரக்கணக்கான வீடுகளில், அடுப்புக்கு மேலே, சோப்புக்கு ஈடாக வந்த ஷான் ஓவன் குடியேறினார். டெவன்காரர் கற்பனை, இரவல் உடை, ஆங்கில நிறுவனத்தின் விளம்பர உத்தி. இது எல்லாம் சேர்ந்து ஒரு சமூகம் தன் பாட்டியென்று நம்பிய படம்.

அதில் மோசடி ஒன்றும் இல்லை என்பதுதான் சுவாரசியம். மக்கள் படத்தைத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். சால்வையின் மடிப்பில் பிசாசின் முகம் தெரிகிறது, அது பகட்டுக்காரியின் பாவம் என்று கதை கட்டினார்கள். வோஸ்பர் அப்படி எதையும் வரைய நினைக்கவில்லை என்று மறுத்தபோதும் கதை ஓயவில்லை. 2019இல் தேசிய நூலகம் இதன் இரண்டாவது பிரதியை வாங்கிக்கொண்டது. இன்றைய கலைஞர்கள் ஷான் ஓவனைச் சும்மா விடவில்லை. டிம் டேவிஸ், தொப்பி அணிந்த வெல்ஷ் பெண்கள் நிற்கும் பழைய அஞ்சலட்டைகளைச் சேர்த்து, அந்தப் பெண்களை மட்டும் கூர்மையாகக் கத்தரித்து எடுத்துவிட்டார். மீதியிருப்பது நூற்பு ராட்டையும் கதவும் மலையும், நடுவே பெண் உருவில் ஒரு வெள்ளை ஓட்டை. அபெரிஸ்ட்வித்தில் வளர்ந்த செரென் மோர்கன் ஜோன்ஸ் எதிர்த்திசையில் போகிறார்: தொப்பிக்காரியை உள்ளேயே நிறுத்தி, இளம்பெண்ணாக்கி, நம்மை நேருக்கு நேர் முறைக்க வைக்கிறார். அவளுக்குப் பிரார்த்தனைக்குப் போகும் அவசரம் இல்லை. டேவிஸின் ஓட்டை எனக்கு அதிகம் பேசியது. ஆனால் வீட்டில் மாட்ட வேண்டுமானால் மோர்கன் ஜோன்ஸின் முறைப்பைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

வடக்கே இன்னும் கொஞ்சம் போனால் ட்வைரிட் ஆற்றின் கழிமுகம். டேவிட் நாஷ் 1978இல் வெட்டிய பெரிய ஓக் மர உருண்டை ஓடை வழியாக உருண்டு, வெள்ளத்தில் மிதந்து, இருபத்தைந்து ஆண்டு கழித்து இந்தக் கழிமுகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதன்பின் மறைவதும் தென்படுவதுமாக இருந்தது. நாஷ் இங்கிலாந்தின் சர்ரிக்காரர். சிலேட் சுரங்க ஊரான பிளைனாய் ஃபெஸ்டினியோக்கில் பழைய தொழுகைக்கூடம் ஒன்றை வாங்கி அரை நூற்றாண்டாக வேலை செய்பவர். வெல்ஷ் கலைஞரா இல்லையா என்று அங்கே யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. ஊரைச் சுற்றிக் கறுஞ்சாம்பல் சிலேட் குவியல். மழை பெய்தால் மலையே பளபளக்கும். 2021இல் யுனெஸ்கோ இந்தச் சிலேட் நிலத்தைப் பாரம்பரியச் சின்னமாக்கியது. எனக்கு அது இன்னும் கழிவாகவே தெரிந்தது, அழகான கழிவு.

பிளைனாயிலிருந்து கொன்வி பள்ளத்தாக்கு வழியாக ஒரு சின்ன ரயில் லான்ரூஸ்டுக்கு இறங்குகிறது. பயணம் முழுக்க ஒவ்வொரு சுற்றுலாக் கடையிலும் என்னைத் தொடர்ந்த பொருள் வெல்ஷ் கம்பளிப் போர்வை: இரட்டை நெசவு, கட்டம் கட்டமாக வடிவம், இரு புறமும் நிறம் மாறிக் காட்டும். கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்து, பரம்பரையாக அலமாரியில் காப்பது. டிம் டேவிஸ் அதைத் தீயால் சுட்டுத் துளையிட்டிருக்கிறார். வேல்ஸின் கம்பளிக்கு இன்னொரு கதையும் உண்டு. டோல்கெலாய், மான்ட்கோமரி பக்கத்து வீடுகளில் நெய்த முரட்டுக் கம்பளித் துணி ஷ்ரூஸ்பரி வணிகர்கள் கைமாறிக் கடல் தாண்டிப் போய், கரீபியத் தோட்டங்களிலும் அமெரிக்காவின் தெற்கிலும் அடிமைகளின் உடுப்பானது. குளிருக்கு நெய்தவர்களுக்கு யார் உடுத்துகிறார்கள் என்று தெரிந்திருக்குமோ தெரியாதோ, கூலி அங்கிருந்து வந்தது.

2019 ஆகஸ்டில் தேசிய ஐஸ்டெத்வோட் லான்ரூஸ்ட் வயல்களில் நடந்தது. ஆண்டுக்கு ஓர் ஊர், மேடையில் வெல்ஷ் மட்டும் என்பது இந்த விழாவின் விதி. அந்த ஆண்டு கலைத் தங்கப் பதக்கம் டேனியல் திரிவேதி என்ற இந்திய வம்சாவளிக் கலைஞருக்குப் போனது. படகில் வந்து கரையேறும் அகதிகளின் தோளில் மீட்புப் பணியாளர்கள் போர்த்தும் மெல்லிய உலோகத் தாள் போர்வையைச் செய்திப் படங்களில் பார்த்திருப்போம். அதன்மேல் திரிவேதி வெல்ஷ் கம்பளியின் பாரம்பரியக் கட்ட வடிவங்களை அச்சிட்டார். தூரத்தில் நின்றால் பாட்டி வீட்டு அலமாரிப் போர்வை. கிட்டே போனால் பொன்னும் வெள்ளியுமாக மினுங்கிச் சரசரக்கும் அவசரகாலத் தாள், எடையே இல்லை. வேல்ஸ் அரசு தன்னைப் புகலிட நாடு என்று அறிவித்துத் திட்டம் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். கம்பளியை யாருக்காக நெய்கிறோம் என்று கேட்காமல் நெய்த பள்ளத்தாக்குக்காரர்களே இந்த வடிவங்களுக்குச் சொந்தக்காரர்கள். திரிவேதியின் தாளில் அந்தக் கேள்விக்கு விலாசம் இருக்கிறது. பதக்கத்தை அறிவித்ததும் சிலர் இது வெல்ஷ் கலையா என்று முணுமுணுத்தார்களா என்று லான்ரூஸ்ட் தேநீர்க் கடையில் கேட்டேன். பரிமாறிய பெண், அதெல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் அந்தப் போர்வை விலைக்குக் கிடைத்தால் இரண்டு வாங்கியிருப்பேன் என்றார்.